முக்கூர்த்தி போன்ற ஒரு பூங்காவின் காட்டுத்தன்மையை 10 ஆண்டுக்கு எப்படிக் கண்காணிப்பது?

அவலாஞ்சி மூடுபனி – கேள்வி:

வணக்கம். நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்கு 10 ஆண்டுக் கண்காணிப்பு வரைவு ஒன்று தயாராகிறது. பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் மேல்பவானி, அவலாஞ்சி அணைகள். உயிரினக் கணக்குக்கு வரைவில் குறைவில்லை. வரையாடு, புலி, பறவை எல்லாமே இருக்கின்றன.

விடுபட்டது வேறு. வரையாடு பெருகிக்கொண்டிருக்கும்போதே அந்த மலை காடாக இல்லாமல் போகலாம். புதிதாக ஒரு ஜீப் தடம், முகாமுக்கு ஒரு சோலார் கம்பம், புல்வெளியில் ஓர் உப்புத்தொட்டி, இரவில் சமவெளியிலிருந்து ஏறி வரும் வெளிச்சம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். இருபது வருடம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் அங்கே நிற்பது பராமரிக்கப்படும் தோட்டம். இதைப் பிடிக்கிற அளவுகள்தான் வேண்டும்.

மூன்று கேள்விகள். அமெரிக்காவின் 1964 வனாந்தரச் சட்டத்தை (வில்டர்னஸ் ஆக்ட்) ஒட்டி அங்கே செய்யும் கண்காணிப்பு முறை தோடர்களின் எருமை மேய்ந்த மலைக்குப் பொருந்துமா? சீகை என்ற அயல் மரத்தை அகற்றுவது காட்டுத்தன்மையைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? ஆறு பேர், வருடத்துக்கு இரண்டு களப்பயணம், சிறிய நிதி. இதற்குள் எதைச் செய்வது, எதற்குச் செயற்கைக்கோள் போதும்?

வரைமுடி – பதில்:

முறையை அப்படியே எடுக்காதீர்கள், அதன் எலும்பை மட்டும் எடுங்கள். அங்கே காட்டுத்தன்மையை நான்கு குணங்களாகப் பிரிக்கிறார்கள். மனிதர் கைவைத்து ஆட்டுவிக்காமல் நிலம் தன் போக்கில் இருப்பது ஒன்று. அயல் செடி, மாசு போன்றவற்றின் பாதிப்பு இல்லாத இயற்கைநிலை இரண்டு. கட்டடமும் எந்திரமும் இல்லாதது மூன்று. தனிமையும் தடையற்ற நடமாட்டமும் நான்கு. அந்த இடத்துக்கே உரிய மதிப்புகளைச் சேர்க்க ஐந்தாவதாக ஒரு குணமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சில அளவுகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஏற்றமா, இறக்கமா, மாற்றமில்லையா என்று அறிக்கை. ஓரிடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடுவதில்லை. அதன் தொடக்க நிலையோடு மட்டுமே ஒப்பிடுவார்கள். நமக்குப் பயன்படுவது இந்தக் கடைசி விதிதான். முக்கூர்த்தியை முதுமலையோடு ஒப்பிட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

பொருந்தாத இடமும் தெளிவானது. அந்தச் சட்டம் மனிதனை வந்துபோகும் விருந்தாளியாகப் பார்க்கிறது. நீலகிரியில் தோடர்கள் விருந்தாளிகள் அல்லர். மேய்ச்சலை "இடையூறு" பட்டியலில் போட்டால் தொடக்கத்திலேயே தவறு செய்கிறோம். தோடர்களின் பாதை, கோயில், கூரை வேயும் புல் கிடைக்கும் சதுப்பு ஆகியவற்றை ஐந்தாவது குணத்தில் வையுங்கள். எதைப் பதிவது, எதை வெளியே சொல்லக்கூடாது என்பதை அவர்களே சொல்லட்டும். அளவு வேண்டுமென்றால் கோயில் கூரைக்குப் பயன்படும் எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி என்ற சதுப்புப் புல் நிற்கும் திட்டுகளின் பரப்பை எடுக்கலாம். சதுப்பு வற்றினால் அது முதலில் சுருங்கும். இயற்கைநிலைக்கும் அதுவே நல்ல அளவு.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. சீகையை அகற்றினால் இயற்கைநிலை ஏறும், ஆட்டுவிக்காமை இறங்கும். இரண்டும் உண்மை. இரண்டையும் கூட்டிக் கழித்து "மாற்றமில்லை" என்று எழுதிவிட்டால் அந்த ஐந்தாண்டில் என்ன நடந்தது என்பதே அழிந்துபோகும். தனித்தனி வரியில் எழுதுங்கள். தலையீடு தேவைதானா என்று முடிவெடுப்பவர் இரண்டையும் பார்த்து முடிவெடுக்கட்டும்.

இதற்காக ஒரு தலையீட்டுப் பதிவேடு கட்டாயம். பெரும்பாலான திட்டங்களில் இதுதான் இல்லை, ஏனென்றால் பதிவேடு எழுதுபவரே தலையிடுபவராகவும் இருக்கிறார். தேதி, ஆயத்தொலைவு, என்ன வேலை, எத்தனை ஹெக்டேர், எத்தனை ஆள்நாள், என்ன கருவி, அனுமதி பெற்றதா இல்லையா. தீத்தடுப்புக் கோடு எரிப்பது, தடுப்பணை, நாற்று நடுவது, உப்பு வைப்பது, விலங்குக்கு மயக்க ஊசி, கழுத்துப்பட்டை எல்லாமே ஏறவேண்டும். இயற்கையாகப் பிடித்த தீயை அணைத்தாலும் அது தலையீடுதான். நாம் வைக்கும் தானியங்கிக் கேமராவும் அளவெடுக்க நடும் கம்பியும்கூட ஏட்டில் வரட்டும்.

எண்ணும் அலகை முதலிலேயே தீர்மானியுங்கள். ஒரே களையெடுப்பை ஒருவர் ஒரு வேலையாக எழுதுவார், அடுத்து வருபவர் பத்துத் திட்டாகப் பிரித்துப் பத்து என்று எழுதுவார். வரைபடத்தில் தலையீடு பத்து மடங்கு ஏறிவிடும், மலையில் ஒன்றும் மாறியிருக்காது. ஒரு பணி ஆணை, ஒரு சரகம், ஒரு நிதியாண்டு என்றால் ஒரு பதிவு. பரப்பு தனிக் கட்டத்தில். இந்த விதி பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மேல்மலை பைன் – பதில்:

நீங்க சீகைனு சொல்றதை நாங்க கொடைக்கானல் பக்கம் வாட்டில்னு சொல்றோம். அதைப் பற்றி மட்டும் எழுதுறேன், ஏன்னா கணக்கு தப்பாகுறது இங்கதான் அதிகம்.

"இத்தனை ஹெக்டேர் அகற்றப்பட்டது" என்பது செலவுக் கணக்கு. காட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வாட்டில் விதை மண்ணுக்குள்ள பல பத்தாண்டு உயிரோட கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் தரையில் பட்டாலோ தீ போனாலோ மொத்தமா முளைக்கும். ஒரு மரம் நின்ன இடத்தில் ரெண்டு வருஷத்தில் ஆள் நுழைய முடியாத புதர் வந்து நிக்கும். அதனால அளக்க வேண்டியது வெட்டின பிறகு வர்றதைத்தான்.

தரையில் வைக்கிற 1 மீட்டருக்கு 1 மீட்டர் சதுரச் சட்டம் (ஃப்ரேம்), ஒரு திட்டுக்குக் குறைஞ்சது 20, இடத்தைக் கண்ணால தேர்ந்தெடுக்காம சீட்டுப் போட்டு எடுங்க. நாற்றை மூணு உயரமா பிரிச்சு எண்ணுங்க: 30 சென்டிமீட்டருக்குக் கீழே, 30 முதல் 100 வரை, அதுக்கு மேலே. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் 1, 3, 5 வருஷத்தில். பக்கத்திலேயே வெட்டாத திட்டு ஒண்ணில் இதே எண்ணிக்கையை எடுத்தே ஆகணும். அது இல்லைன்னா மழை நல்லா பெய்ஞ்ச வருஷத்து முளைப்பையும் வெட்டினதால வந்த முளைப்பையும் பிரிக்க முடியாது.

விதையில் வந்ததா, வேரில் வெடிச்சதா என்பதையும் குறிக்கணும். மழை பெய்ஞ்சு மண் இளகியிருக்கும்போது அடித்தண்டைப் பிடிச்சு நேரா இழுங்க. விதைக்கன்றுன்னா ஆணிவேர் ஒண்ணு நூல் மாதிரி முழுசா உருவிக்கிட்டு வரும். வேர்க்கன்றுன்னா வராது, தோண்டிப் பார்த்தா கிடைமட்டமா ஓடுற பழைய வேரின் முதுகில் ஒட்டிக்கிட்டு இருக்கும், இழுத்தா தண்டு அங்கேயே முறியும். வேர்க்கன்று அதிகம்னா வெட்டின முறை தப்பு. விதைக்கன்று அதிகம்னா தொடர்ந்து பிடுங்க ஆள் போகலைன்னு அர்த்தம். இரண்டுக்கும் மருந்து வேற. ஆனா இந்த இழுக்குற சோதனையை அந்தச் சதுரச் சட்டத்துக்கு வெளியே இருக்கிற கன்றில் மட்டும் செய்யுங்க, இல்லைன்னா அடுத்த எண்ணிக்கை கெட்டுப்போகும்.

இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்ப முக்கியம். பழனி மலையில் பழைய வாட்டில் தோப்புக்கு அடியில் பல இடத்தில் சோலைக் (மலைப் பள்ளங்களில் இயற்கையா வளர்ற காடு) கன்றுகள் தானா வளர்ந்திருக்கு. அங்க மொட்டையா வெட்டினா வாட்டிலோட சேர்த்து வரப்போற சோலையையும் கொல்றோம். புல்வெளிக்குள்ள நுழையுற ஓரத்து வாட்டில் வேற, சோலைக்குப் பக்கத்தில் நிக்குற முதிர்ந்த தோப்பு வேற. ரெண்டையும் ஒரே கட்டத்தில் "அயல் மரம்"னு போடாதீங்க. தோப்புக்கு அடியில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் போட்டு, சோலைக் கன்று எத்தனைன்னு எண்ணின பிறகுதான் கைவைக்கலாமானு பேசணும். நல்லா முளைச்சிருந்தா விட்டுடுங்க. காடு தன் வேலையைத் தானே செய்யுது.

ஸ்காட்ச் புரூம், கோர்ஸ்னு ரெண்டு அயல் புதரும் உங்க பக்கம்தான் தொல்லை. விதை டயரிலும் பூட்ஸிலும் மண்ணோட போகும், அதனால தடத்தோரத்தில்தான் முதல்ல தலைகாட்டும். தடத்திலிருந்து 0, 5, 10, 25, 50 மீட்டரில் இருக்கா இல்லையான்னு பார்த்தா போதும். எண்ணவே வேண்டாம். 25 மீட்டரில் புதுசா "இருக்கு"ன்னு வந்த வருஷம் எச்சரிக்கை மணி.

குன்னூர் வரைபடம் – பதில்:

செயற்கைக்கோள் எதற்குப் போதும் என்றால், புல்வெளியா மரமா என்று பிரிக்கப் போதும். பனியில் புல் கருகும் ஜனவரி முதல் மார்ச் வரை இது எளிது. புல் பழுப்பாகும், மரம் பச்சையாகவே நிற்கும். ஜனவரியில் சூரியன் தாழ்ந்து நிற்பதால் வடக்குச் சரிவுகள் நிழலில் விழும், பிப்ரவரிப் படமே நல்லது. சோலையையும் சீகையையும் பிரிப்பதுதான் கடினம். அதற்குக் களத்தில் நேரில் பார்த்த புள்ளிகள் வேண்டும். மூன்று மீட்டர் கோர்ஸ் புதர் எந்த இலவசப் படத்திலும் தெரியாது.

காலத்தொடரைக் கெடுப்பது பெரும்பாலும் கருவி மாற்றம்தான். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டர், 2015-ல் வந்த சென்டினல்-2 செயற்கைக்கோளில் 10 மீட்டர். 2005-ஐ லேண்ட்சாட்டிலும் 2020-ஐ சென்டினலிலும் வகைப்படுத்தி ஒப்பிட்டால் சிறு மரத்திட்டுகள் "அதிகரித்தது" போல் தெரியும். அவை முன்பும் இருந்தவை, கண்ணுக்குத் தெரியாதவை. ஒப்பிடும்போது சென்டினலை 30 மீட்டருக்குக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். லேண்ட்சாட்-7 படங்களில் 2003 மே 31-க்குப் பிறகு கோடு கோடாக வெற்றிடம் இருக்கும். ஒரு காட்சியில் சுமார் 22 விழுக்காடு போய்விடும். அதைத் தொடக்க ஆண்டாக வைக்காதீர்கள்.

தீயிலும் இதே கதைதான். தீயைக் காட்டும் செயற்கைக்கோள் கருவிகளில் மோடிஸ் 1 கிலோமீட்டர் கட்டத்தில் பார்க்கிறது, விர்ஸ் 375 மீட்டரில். விர்ஸ் தரவு 2012-ல் தொடங்குகிறது, பிறகு அதே கருவியோடு வேறு செயற்கைக்கோள்களும் சேர்ந்தன. எல்லா எச்சரிக்கைகளையும் ஒன்றாக எண்ணினால் தீ ஆண்டுக்கு ஆண்டு பெருகுவது போலவே வரும். நீண்ட தொடருக்கு ஒரே கருவியை மட்டும் எடுங்கள். புள்ளிகளை எண்ணுவதைவிட, எரிந்த பரப்பைப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான சென்டினல் படங்களில் வரைந்து எடுப்பது நம்பகமானது. சீக்கிரம் எரிந்து அணையும் புல்தீயைச் செயற்கைக்கோள் அந்த நேரத்தில் கடக்காவிட்டால் எச்சரிக்கையே வராது. கருகிய தடம் மட்டும் சில வாரம் நிற்கும்.

இரவு வெளிச்சத்தில் ஒரு பொறி இருக்கிறது. விர்ஸின் இரவுப் பட்டை சுமார் 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீல ஒளியைப் பார்ப்பதில்லை. மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டால் படத்தில் ஒளி குறைந்ததாக வரலாம், வானம் உண்மையில் இன்னும் வெளுத்திருக்கும். ஆகவே இரவைப் பொறுத்தவரை படத்தை மட்டும் நம்பவே கூடாது, தரையிலிருந்து அளக்க வேண்டும்.

கட்டுமானத்துக்கு ஒரே ஒரு முழுக் கணக்கு போதும். மின்கோபுரம், குழாய், முகாம், கண்காணிப்புக் கோபுரம், வேலி, வாகனம் போகும் தடத்தின் நீளம். அணைகளும் மின்பாதைகளும் பூங்கா அறிவிப்புக்கு முந்தையவை. அவற்றைத் தொடக்க நிலையில் எழுதிவிட்டால் போதும், ஆண்டுதோறும் குறை சொல்லப் பயன்படுத்தவேண்டாம். புதிதாகச் சேர்ந்ததும் அகற்றப்பட்டதும்தான் அளவு.

கூடலூர் ஒலிப்பெட்டி – பதில்:

ஒலியும் இருட்டும் தடமும் என் பங்கு.

ஒலிக்கு ஆடியோமோத் போன்ற சிறு பதிவுக் கருவி போதும். கணக்கு இது: 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் ஒரு நிமிடப் பதிவு 5.76 எம்பி. பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் வீதம் ஒரு நாளுக்கு 144 நிமிடம், சுமார் 830 எம்பி. 32 ஜிபி அட்டை 38 நாளில் நிரம்பும். வாகனம், குரல், கோடரி ஆகியவற்றுக்கும் பெரும்பாலான பறவைகளுக்கும் 16 கிலோஹெர்ட்ஸே போதும். அதே அட்டை 115 நாள் வரும். குளிரில் சாதாரண அல்கலைன் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், லித்தியம் போடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. கருவியின் கடிகாரம் இயல்பாக உலகப் பொது நேரத்தில் ஓடும். அதைக் கவனிக்காமல் விட்டால் எல்லாம் ஐந்தரை மணிநேரம் தள்ளிப்போய், விடியற்காலைப் பறவைக் கூட்டிசை நள்ளிரவில் பதிந்ததாக வரும்.

திறந்த புல்வெளியில் வைத்தால் காற்றுதான் பதிவாகும், வண்டிச் சத்தம் இருக்கும் அதே தாழ்ந்த அலைவரிசையில். சோலை ஓரத்தில் காற்று மறைவில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் கட்டுங்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களை விட்டுவிடுங்கள்.

அளவு இதுதான்: காலை 6 முதல் மாலை 6 வரையான பதிவுகளில் சீட்டுப் போட்டு 200 நிமிடங்களை எடுத்து, இடமும் நாளும் தெரியாத இருவர் கேட்டு, மனித ஒலி கேட்ட நிமிடங்களின் விழுக்காடு. மென்பொருள் வேண்டாம், பத்தாண்டில் மென்பொருள் மாறும், காது மாறாது. 200-க்கு 20 விழுக்காடு வந்தால் பிழை இருபக்கமும் ஐந்தரைப் புள்ளி. இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது 8 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தை "மாற்றமில்லை" என்றே எழுதுங்கள். ஒரே நாளில் 10 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு நாள் ஜேசிபி வந்தால் மொத்த ஆண்டும் அந்த நாளாகிவிடும்.

இருட்டுக்கு ஸ்கை குவாலிட்டி மீட்டர் என்ற, வானத்தின் வெளிச்சத்தை அளக்கும் கைக்கருவி. அமாவாசையை ஒட்டி, சூரியன் மறைந்து ஒன்றேகால் மணிநேரம் கழிந்தபின், மேகமும் மூடுபனியும் இல்லாதபோது, பால்வீதி உச்சியில் இல்லாத நேரத்தில் கருவியை நேர்மேலே பிடித்து ஆறு முறை அழுத்துங்கள்; முதல் எண்ணை விட்டு மற்ற ஐந்தின் சராசரி. கறைபடாத வானம் 22-ஐ ஒட்டி வரும். எண் ஒன்று குறைந்தால் வானம் இரண்டரை மடங்கு வெளுத்துவிட்டது. கண்ணாடியில் பனி படிந்தால் வானம் இருண்டதாகக் காட்டும், ஒவ்வொரு முறையும் துடையுங்கள். பக்கத்தில் மூடுபனி இருந்தால் ஊர் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். அந்த இரவு கணக்கில் சேராது.

தடத்தின் அரிப்பை அளக்க, அதன் குறுக்கே இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக்கம்பி, தலை மண்ணோடு மண்ணாக இருக்கட்டும். நீட்டிக்கொண்டிருந்தால் யாராவது பிடுங்குவார்கள், விலங்குக்கும் காயம். மேலே நேரான அலுமினியச் சட்டம் வைத்து 10 சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஆழத்தைச் சென்டிமீட்டரில் எடுங்கள். நூல் தொய்யும், வேண்டாம். ஆழங்களின் கூட்டுத்தொகையைப் பத்தால் பெருக்கினால் அரிப்பின் குறுக்குப் பரப்பு. கூட்டுத்தொகை 84 என்றால் 840 சதுர சென்டிமீட்டர், அதாவது தடத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் 84 லிட்டர் மண் போயிருக்கிறது. 15 லிட்டர் வாளியில் ஐந்தரை வாளி.

ஆட்கள் வரத்துக்கு, நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கான இ-பாஸ் எண்ணிக்கையை எடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். அது 2024 மே 7-ல் தொடங்கியது, மாவட்டத்துக்குள் வரும் வாகனத்தை எண்ணுகிறது, பூங்காவுக்குள் நுழைபவரை அல்ல. பின்னணித் தகவலாக வையுங்கள், அளவாக வேண்டாம்.

அவலாஞ்சி மூடுபனி:

அனைவருக்கும் நன்றி. ஆறு பேரால் இவ்வளவும் முடியாது. ஐந்தே அளவு என்றால் எவை? தொடக்க ஆண்டில் என்ன தவறினால் பிறகு சரிசெய்யவே முடியாது?

வரைமுடி:

தலையீட்டுப் பதிவேடு, புல்வெளிப் பரப்பு, தடத்தோர அயல்செடி, கட்டுமானக் கணக்கு, மனித ஒலி விழுக்காடு. முதல் இரண்டுக்கும் நான்காவதுக்கும் மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலையே அதிகம், மற்ற இரண்டும் ஒரே களப்பயணத்தில் முடியும். வானத்தின் இருட்டு ஆறாவது; கருவி கையில் இருந்தால் அதே பயணத்தில் ஓர் இரவு.

திரும்பப் பெற முடியாதது, ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்ப எடுக்கும் புகைப்பட வரிசையின் தொடக்க ஆண்டுப் படம். ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும், அந்த ஐந்து மீட்டரில் முன்னால் நிற்கும் பாறை மறைத்துவிடும். கேமராக் காலின் உயரம், லென்ஸ், திசைகாட்டி எண், தேதி, நேரம் எல்லாம் எழுதுங்கள். கைப்பேசி என்றால் எந்த லென்ஸ் என்றும் எழுதுங்கள், தானாக மாறிக்கொள்ளும். போன படத்தின் அச்சுப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதே பாறை விளிம்பு அதே முகட்டை வெட்டும் வரை நகர்ந்து நின்று எடுங்கள்.

மாதத்தையும் மாற்றாதீர்கள். ஒரே ஒரு சிக்கல்: ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவு, ஆனால் வரையாடு குட்டி ஈனும் காலமும் அதுவே. முகடுகளில் உள்ள புகைப்படப் புள்ளிகளை டிசம்பர் பிற்பாதிக்குத் தள்ளி, பத்தாண்டும் அப்படியே வையுங்கள். ட்ரோனை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம்.

உள்ளே நுழைய 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் கம்பி நடும் இடங்களையும் ஒலிப்பெட்டி கட்டும் மரங்களையும் வரைபடத்தோடு கொடுங்கள். அனுமதி கிடைத்த அன்றே பதிவேட்டின் முதல் வரியாக அவற்றை எழுதிவிடுங்கள்.